வெயிலில் நிறுத்திய வண்டி

பிப்ரவரி 8, ஞாயிறு

கூடம் முழுக்க விடைத்தாள் கட்டுகள். கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் தேர்வுக்காலத்தில் வீட்டில் உட்கார இடம் இருக்காது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் சிவப்புப் பேனாவோடு தலைநிமிராமல் இருந்தார். நான் வாளியும் துணியுமாக வெளியே வந்து வண்டியைக் கழுவினேன்.

வண்டி வந்து மூன்று வாரம். இதற்கு முன் கழுவியதெல்லாம் வேலை விட்டு வந்த பிறகு, கூரையடியில், மங்கலான வெளிச்சத்தில். இன்றுதான் தெருவில், நல்ல வெயிலில் நிறுத்தினேன். அந்த நிறத்துக்கு நிறுவனம் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறது. எனக்கு அது மயில்கழுத்து. இந்தப் பக்கம் நின்றால் நீலம், அந்தப் பக்கம் போனால் பச்சை. அதற்காகவே அரை மணி நேரம் சுற்றிச் சுற்றித் துடைத்தேன்.

துடைத்து நிமிர்ந்தபோது பானெட்டில் மெல்லிய கோடுகள். வளைவு வளைவாக, நாள்பட்ட எவர்சில்வர் தட்டில் தெரியுமே, அப்படி. துணியில் மண் இருந்து நான்தான் கீறிவிட்டேனோ என்று துணியை விரித்துப் பார்த்தேன். இல்லை, புதுத்துணி. அப்புறம் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். இடது கதவில் பூச்சுக்கு அடியில் மணல் மணலாகத் தூசி. பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சொட்டு வழிந்து பாதியில் உறைந்து நிற்கிறது. கதவு, பக்கத்துத் தகட்டைவிட ஒரு பிடி பச்சை.

அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு?"

"கண்ணாடியத் தலையில ஏத்தி வச்சுக்கிட்டுப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அப்படியென்றால் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆலைக்கு வண்டியிலேயே போனேன். சாப்பாட்டு இடைவேளையில் ஷேடு அறையிலிருந்து பகல்வெளிச்ச விளக்கைக் கழற்றிக்கொண்டு போய் முற்றத்தில் பிடித்துப் பார்த்தேன். என் வேலையே இதுதான். சாயம் ஏறி வரும் துணியை மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்து, நிறம் ஒத்துப்போனால் அனுப்புவது, போகாவிட்டால் திருப்புவது. இருபது வருடமாக மற்றவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் வேலை.

டையிங் மாஸ்டர் வெற்றிலை போட்ட ஆள் மாதிரி வாயை அசைபோட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ மிட்டாய்.

"ஒண்ணுமே தெரியலையே மேடம்."

எந்தத் துணி லாட்டைத் திருப்பினாலும் அவர் சொல்வது இதே வாக்கியம்தான். இந்த முறை சிரிப்பு வரவில்லை. கதவு நிச்சயமாக வேறு நிறம். விளக்கை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் வேறுதான். பானெட்டில் இருப்பது உப்புத்தாள் தேய்த்த கோடு. யாரோ எதையோ தேய்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தங்கை வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். வண்டியை விற்றதே அவர்தான், அந்த ஷோரூமில் விற்பனை மேலாளர். "கொண்டு வாங்கக்கா, பாலிஷ் போட்டா போயிடும்" என்றார். எங்கே, எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. அது ஏன் கேட்கவில்லை?

பிப்ரவரி 12, வியாழன்

அரைநாள் விடுப்பு. ஷோரூம்.

முதலாளியே வந்து பார்த்தார். சென்ட் வாசனை அடிக்கும் மனிதர். விரலால் தொடக்கூட இல்லை, இரண்டடி தள்ளி நின்று புன்னகைத்தார். "இந்த மாதிரி நிறத்துல எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும் மேடம். நீங்க ஷேடு பாக்குற வேலைன்னு உங்க மாப்பிள்ளை சொன்னாரு. அதான் உங்க கண்ணுக்குத் தெரியுது."

அதாவது குற்றம் வண்டியில் இல்லை, என் கண்ணில்.

"பாலிஷ் போட்டா மேல்பூச்சு இன்னும் மெலிசாகும் இல்லையா? ஏற்கெனவே ஒரு தடவ தேய்ச்சது மாதிரி இருக்கே?"

புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் பின்னால் நின்ற மாப்பிள்ளை பக்கம் போய்விட்டு வந்தது.

பாலிஷ் வேண்டாம், வண்டியை மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மாப்பிள்ளை வாசல் வரை வந்தார். கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"அக்கா, கொஞ்சம் விட்டுக் குடுங்க. இப்பதான் என்னை மேனேஜர் ஆக்கியிருக்காங்க. நான் வித்த முதல் பெரிய வண்டி. அதுவே திரும்பி வந்துச்சுன்னா என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க? வண்டி மோசம்னு நினைப்பாங்க."

"அது அப்படி இல்லக்கா."

வேறு எப்படி என்று சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் அவர் முகம் கண்ணிலேயே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பையன் (பையன் என்ன, நாற்பது வயது). அவர் முகத்தில் இன்று இருந்தது கெஞ்சல் இல்லை. பயம்.

பிப்ரவரி 14, சனி

"உனக்கு இப்ப வண்டி வேணுமா, நியாயம் வேணுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே.

"ரெண்டும்."

"ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் எழுதணும்."

இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டேன். சட்டை பாதி சுருக்கத்தோடு கிடக்கிறது. கிடக்கட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தங்கை வந்தாள். தனியாக. செருப்பைக் கழற்றும்போதே சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் செருப்பை உதறித்தான் கழற்றுவாள்.

"உனக்கென்னக்கா, ஆசைக்கு ரெண்டு சீட்டு வண்டி வாங்கிட்ட. அவருக்கு அது பொழப்பு."

"ஆசைக்கு வாங்குனா ஓட்டையும் உடைசலுமா வாங்கிக்கணுமா?"

"ஓட்டையா? எங்க இருக்கு ஓட்டை? ஊருல எல்லாரும் வண்டிய ஓட்டுறாங்க. நீ ஒருத்திதான் விளக்குப் பிடிச்சுப் பாக்குற. அவரு அப்பவே சொன்னாரு, உங்கக்கா மட்டும் வாராவாரம் கழுவாம இருந்தா ஆறு மாசத்துக்கு ஒண்ணும் தெரியாதுன்னு..."

நிறுத்திக்கொண்டாள். 

கூடத்தில் சிவப்புப் பேனாவின் சத்தமும் நின்றது.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"எப்ப சொன்னாரு?"

தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டாள். தெருமுனையில் திரும்பும்போது ஒரு தடவை நின்றாள். திரும்பி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

அப்போ தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியும். சாவியக் கையில குடுத்து, மாலை போட்ட மாதிரி ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்து, "அக்கா கொஞ்சம் சிரிங்க"ன்னு சொன்னப்பவே தெரியும். நானும் ஈன்னு பல்லக் காட்டிக்கிட்டு நின்னிருக்கேன்! அதனாலதான் சாயங்காலம் வரச் சொன்னது. அதனாலதான் ஹாலுக்குள்ளயே வச்சுக் குடுத்தது. வெளிய எடுத்துட்டு வரேன்னு நான் சொன்னதுக்கு, "தூசியா இருக்குக்கா"ன்னு. தூசியாம் தூசி. பூச்சுக்கு அடியில போட்டு வச்சிருந்தீங்களே, அந்தத் தூசியா?

என் தங்கச்சி. கேமராவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தா.

பிப்ரவரி 17, செவ்வாய்

மூன்று லாட் திருப்பி அனுப்பினேன். டையிங் மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். மதியம் மறுபடி வரவழைத்துப் பார்த்தேன். ஒன்று சரியாகத்தான் இருந்தது. இப்படி எனக்கு நடந்ததே இல்லை.

பிப்ரவரி 18, புதன்

மாப்பிள்ளை ஆலைக்கு வந்தார். வாசல் காவலாளி "உங்க சொந்தக்காரராம்" என்று சொல்லி ஷேடு அறைக்கு அனுப்பிவைத்தார். கதவைச் சாத்திவிட்டு நின்றார். உட்காரச் சொல்லவில்லை நான்.

எல்லாவற்றையும் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல், தானாகவே.

லாரியிலிருந்து இறக்கும்போதே வண்டி அப்படித்தான் இருந்ததாம். தூசி, வழிசல், கதவின் நிறம் எல்லாம். தொழிற்சாலையில் பூச்சு அடித்தபோதே வந்த குறை. இவர்தான் முதலில் பார்த்து முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். திருப்பி அனுப்பினால் அடுத்தது வர மாதக்கணக்காகும், அதற்குள் அந்த மாத விற்பனைக் கணக்கு முடிந்துவிடும். அதனால் பணிமனையில் பானெட்டில் இருந்த தூசியை உப்புத்தாளால் தேய்த்து, கோடு தெரியாமல் இருக்க ஏதோ பளபளப்புக் குழம்பைப் பூசிவிட்டார்கள். அது தண்ணீர் பட்டுப் பட்டுக் கரையும்.

"அதே நிறத்துல, அதே லாரியில இன்னொரு வண்டியும் வந்துச்சுக்கா. அது சுத்தமா இருந்துச்சு."

"அது எங்க?"

"ஒரு வக்கீலுக்குக் குடுத்துட்டோம்."

"ஏன் அவருக்கு?"

விளக்குப் பெட்டிக்குள் கிடந்த துணித்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு கேஸ் போட்டுடுவாரு. நீங்க நம்ம ஆளு. ஏதாவது தெரிஞ்சாலும் சொல்லிச் சமாளிச்சுக்கலாம்னு..."

"யாரு சொன்னா? முதலாளியா?"

"இல்லக்கா," என்றார். "அத நான்தான் சொன்னேன்."

பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. வேற்று ஆளுக்கு நல்லது, நம்ம ஆளுக்கு இது. நம்ம ஆள் என்றால் அதுதான் அர்த்தம் போல.

போங்கள் என்றேன். போனார். அதற்கு மேல் அவரிடம் கோபப்பட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 21, சனி

தயாரிப்பு நிறுவனத்துக்கே நேரடியாகப் புகார் எழுதினேன். இரண்டு முறை எழுதி அழித்தேன். தேய்த்து மறைத்ததை எழுதினால் மாப்பிள்ளை வேலை போகும். எழுதாவிட்டால் என் வழக்கில் பாதி இல்லை. கடைசியில் தூசி, வழிசல், கதவு, இந்த மூன்றை மட்டும் எழுதி அனுப்பினேன். கோடுகளைப் பற்றி எழுதவில்லை.

"எதுக்கு விட்ட?" என்றார் அவர், தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு.

"உங்க சகலையக் காப்பாத்தத்தான்."

"அவன் என் சகலை. அத நான் பாத்துக்கறேன். நீ உண்மையை எழுது."

எழுதவில்லை. அனுப்பு என்று அழுத்திவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

நிறுவனத்திலிருந்து பூச்சு ஆய்வாளர் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும், குட்டை முடி வைத்த பெண். ஷோரூம் பணிமனையில், விளக்கு வரிசைக்குக் கீழே என் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். முதலாளி, மாப்பிள்ளை, நான். ஆய்வாளர் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைத் தகட்டில் வைத்து வைத்து எடுத்தார். பூச்சின் கனத்தை அது சொல்லும். வைக்கும்போதெல்லாம் ஒரு சின்னச் சத்தம்.

கதவைப் பார்த்து, "இது எங்க தப்பு. நிறம் ஒட்டல. தூசியும் எங்க இடத்துல விழுந்ததுதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. 

அப்புறம் பானெட்டுக்குப் போனார். இன்னொரு முறை வைத்தார். நெற்றி சுருங்கியது.

"இங்க மேல்பூச்சு பாதிதான் இருக்கு. யாரோ தேய்ச்சிருக்காங்க. எங்க தொழிற்சாலையில இப்படித் தேய்க்க மாட்டோம். யாரு செஞ்சது?"

முதலாளி ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "எங்ககிட்ட இருந்து போறப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மேடம் வெளிய எங்கயாவது குடுத்துப் பாலிஷ் போட்டிருப்பாங்க."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க குடுத்தீங்களா? வேற ஆள் தேய்ச்ச வண்டிய எங்களால ஏத்துக்க முடியாதுங்க. மத்த குறையும் சேர்ந்து தள்ளுபடி ஆயிடும்."

"நான் தேய்க்கல," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார், கை நீட்டினால் தொடும் தூரம். பேசுங்கள் என்று கண்ணால் கேட்டேன். கழுத்துப் பட்டையில் கை போனது. தரையைப் பார்த்தார். தரையையே பார்த்தார்.

நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? நாக்கு நுனியில் இருந்தது. அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். காத்திருந்து காத்திருந்து, ஆய்வாளர் கருவியை உறையில் போட்டு மூடிவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

ஊமை மாதிரி நின்னுட்டு வந்திருக்கேன். ஊருக்கெல்லாம் ஷேடு பாத்துச் சொல்றவ.

மார்ச் 6, வெள்ளி

வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. ஏரிக்கரைச் சாலையில் வண்டியை விட்டேன். அங்கே வளைவுகள் அதிகம், ஆள் குறைவு. மூன்றாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, நடுவில் மிதித்தால், முதுகை யாரோ பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். வளைவு முடியும் இடத்தில் ஸ்டீயரிங் தானாக நேராகும். அதை வார்த்தையில் எழுத வராது.

நாற்பத்தெட்டு வயதில் எதற்கு இந்த வண்டி என்று கேட்காத ஆளே இல்லை. எல்லாருக்கும் ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையில் காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு ஓட்டப் பிடிக்கும். 

கரையில் நிறுத்தி இறங்கியதும் கண் நேராகக் கதவுக்குத்தான் போனது. இனி எப்போதும் அங்கேதான் போகும். வண்டியில் ஒரு குறையும் தெரியாத இடம் உள்ளே, ஓட்டும் இருக்கை மட்டும்தான்.

மார்ச் 8, ஞாயிறு

அவர் இன்று சத்தம் போட்டார். பத்தொன்பது வருடத்தில் எத்தனை முறை சத்தம் போட்டிருப்பார், ஒரு கைக்குள் அடங்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"உன்னைப் பொய்க்காரின்னு ஒருத்தன் முகத்துக்கு நேரா சொல்றான். என் சகலையும் நிக்கிறான், நீயும் நிக்கிற. யாருக்காக இதெல்லாம்?"

"என் தங்கச்சிக்காக."

"உன் தங்கச்சி உனக்காக என்ன செஞ்சா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கழுவும் தொட்டியடியில் நின்று யோசித்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை, வாஸ்தவம். ஆனால் அன்றைக்கு வாய் தவறி வந்ததே, அது தவறித்தான் வந்ததா? அவளுக்கு வாய் அவ்வளவு சீக்கிரம் தவறாது.

தெரியவில்லை. நானாக ஆறுதல் தேடிக்கொள்கிறேனோ என்னவோ.

மார்ச் 9, திங்கள்

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். இடைவேளையில், சாயத்தொட்டிகளுக்குப் பின்னால் நின்று. நலம் விசாரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை அந்த ஆய்வாளர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். மறைச்சு வச்சுச் செய்யக் கூடாதுன்னுதான் உங்களுக்கு முதல்லயே சொல்றேன்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, என் வேலை போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் இத்தன நாள் வாயத் தொறக்கல. நீங்க அன்னைக்கு நிமிந்து ஒரு தடவ பாத்திருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் தொறந்திருக்க மாட்டேன்."

போன் கட்டானது. நான் வைத்தேனா, அவர் வைத்தாரா? சரியாக ஞாபகம் இல்லை. உள்ளே வந்து கையைக் கழுவினேன், தொட்டி விளிம்பிலிருந்த கறுப்புச் சாயம் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. போகவே இல்லை.

மார்ச் 12, வியாழன்

நாளைக்குச் சொல்ல வேண்டியதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் நடுவில் ஒரு இடத்தில் என் தங்கை புருஷன் என்று வருகிறது.

மார்ச் 13, வெள்ளி

காலை பத்தரைக்குக் கூப்பிட்டேன். ஆய்வாளர் எடுத்தார். பெயரைச் சொல்லி, வண்டியைச் சொல்லி, "அந்தத் தேய்ச்ச விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன்.

"தெரியுங்க," என்றார். "ஷோரூம் மேனேஜர் நேத்தே வந்து சொல்லிட்டாரு."

"வந்தா சொன்னாரு?"

"நேர்ல. ஷோரூம் காருல வராம, பஸ் பிடிச்சு எங்க ஆபீசுக்கே வந்தாரு. எழுதியும் குடுத்துட்டாரு. உங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு லாட் காத்துக்கொண்டிருந்தன. டையிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

முந்தின நாள். அது எனக்குப் பயந்துதான். வெள்ளிக்கிழமை என்று நான் சொல்லியிருக்காவிட்டால் போயிருப்பாரா? மாட்டார். ஆனாலும் நான் சொல்லட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கலாமே. பஸ் ஏறிப் போயிருக்கிறாரே.

மார்ச் 14, சனி

தங்கை கூப்பிட்டாள். "வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. கார், போன் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. இப்ப சந்தோஷமா?" அவ்வளவுதான். நான் 'அடியே' என்றபோது யாரும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

நிறுவனத்தின் கடிதம். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அதே நிறத்தில் புதியது அனுப்புவார்கள், ஷோரூம் வழியாக இல்லை, நேரடியாக. நடந்ததற்கு வருந்துகிறார்களாம்.

அவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். படித்து முடித்து என் முகத்தைப் பார்த்தார்.

"முழு மதிப்பெண்," என்றார் மெதுவாக.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன்.

ஏப்ரல் 11, சனி

புது வண்டி வந்தது. திறந்த மைதானத்தில், உச்சி வெயிலில் இறக்கச் சொல்லியிருந்தேன். அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், தனக்கு மட்டும். நான் சுற்றி வந்தேன். கொண்டுவந்த ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கதவும் தகடும் ஒரே நிறம். பானெட்டில் மேகம் தெரிந்தது. பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் பூச்சுக்கடியில் ஒரே ஒரு தூசி, கடுகில் பாதி. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்ன?" என்றார் குடைக்கு அடியிலிருந்து.

"ஒண்ணு இருக்கு."

"திருப்பி அனுப்பப் போறியா?" குரலில் நிஜமான பயம்.

என் அறைக்கு இது வந்திருந்தால் அனுப்பியிருப்பேன். இதற்கு யாரும் திருப்ப மாட்டார்கள், நானும்தான். கையெழுத்துப் போட்டேன். போட்டோ எடுக்கட்டுமா என்று ஓட்டுநர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஏரிக்கரைச் சாலைக்குப் போனோம். அவர் ஒவ்வொரு வளைவிலும் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தால் கத்தி ரகளை செய்திருப்பாள். முதல் வண்டியில் அவளை ஒரு தடவை கூட ஏற்றவில்லை என்பது அங்கே வைத்துத்தான் உறைத்தது.

ஏப்ரல் 26, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டதாம், என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். சகலைகள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். வேன்களும் சிறிய லாரிகளும் விற்கும் ஒரு இடம். மேலாளர் இல்லை. வண்டி இறங்கியதும் பார்த்து வாங்கி வைக்கும் வேலை. சம்பளம் குறைவுதான்.

"அவ?" என்றேன்.

"அவளப் பத்திப் பேச்செடுத்தா அவன் போன வச்சிடறான்."

மே 16, சனி

மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் மாப்பிள்ளை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது குரல் கேட்டு.

"அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். ஒரு வேன் வந்திருக்கு. பின் கதவு வேற நிறமா எனக்குத் தோணுது, இங்க எல்லாரும் இல்லங்கறாங்க. வெயில் இறங்கறதுக்குள்ள ஒரு தடவ வந்து பாக்க முடியுமா?"

போனேன். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. வெள்ளை வேனை அவரே வெளியே எடுத்து, வெயிலில், சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்தி வைத்திருந்தார். வெள்ளையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நான் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"மஞ்சள் அடிக்குது," என்றேன். "கொஞ்சம்தான். ஆனா அடிக்குது."

"அப்ப நான் நினைச்சது சரிதான்," என்றார். "திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிட்டேன்க்கா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். மனசுக்கு ஒரு தைரியத்துக்குத்தான் கூப்பிட்டேன்."

அப்புறம் இரண்டு பேரும் அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கிளம்புகிறேன் என்று சாவியை எடுத்தபோது கைப்பையில் போன் அதிர்ந்தது.

தங்கையிடமிருந்து ஒரு வரி.

"அவருக்கு அங்கருந்து பஸ் கிடைக்க நேரமாகும், உன் வண்டியிலயே கூட்டிட்டு வா, டீ போட்டு வைக்கிறேன்."

இரண்டு முறை படித்தேன். மாப்பிள்ளை வேனின் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பையோடு சாலைப்பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

"மாப்பிள்ளை," என்று கூப்பிட்டு, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.